மூடிய துறைமுகமும் மினுங்கும் காரும்

நானா மீட்டரைக் கதவில் வைத்து "தொண்ணூத்தாறு" என்றார். நான் கொப்பியில் எழுதினேன். ஒரு சாண் தள்ளி வைத்தார். "தொண்ணூத்திரண்டு." பின் மட்கார்ட்டில் வைத்ததும் கொஞ்சம் நின்று திரும்பவும் வைத்துப் பார்த்தார். "இருநூத்தி நாப்பது. இதுல திரும்ப பெயின்ட் அடிச்சிருக்காங்க. எங்கயோ இடிபட்ட வாகனம்."

அது ஒரு கறுப்பு ஹொண்டா சி.ஆர்.இசட். இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, ஹைபிரிட் என்ஜின் வைத்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார். வென்னப்புவ பக்கமிருந்து வந்தது. அந்தக் கரையில் பல வீடுகளில் ஒருவராவது இத்தாலியில் இருப்பதால் 'குட்டி இத்தாலி' என்று பேர். சொந்தக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வெயிலுக்குப் பிடிச்சா சிலந்தி வலை மாதிரித் தெரியுது. அது ஒண்டும் இருக்கப்படாது."

நானாவின் கடை பாலாவிச் சந்தியிலிருந்து கொஞ்ச தூரம். இரண்டு வாகனம் நிற்கிற அளவுக்கு ஒரு தகரக் கொட்டில், ஒரு தண்ணித் தாங்கி, சுவரில் நிரையாக வெள்ளை லைட். இந்த வேலைக்கு டீட்டெய்லிங் என்று பேர், அதிலும் கீறல் எடுக்கிற பகுதிக்கு பெயின்ட் கொரெக்ஷன் என்று பேர். எங்க ஊரில் இதைக் கேட்டால் பாதிப்பேர் சிரிப்பார்கள். "காசு கூடினவங்கட விளையாட்டு" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொப்பியோடு அந்தக் கொட்டிலில் சில கிழமை நின்ற பிறகு நினைப்பு மாறிவிட்டது. உலகத்தில் இது எங்கே எப்படித் தொடங்கியதோ, எங்க தீவில் இந்தத் தொழில் வளர்ந்தது பணத்தால் அல்ல, தட்டுப்பாட்டால். துறைமுகம் மூடின காலமெல்லாம் எங்க ஆட்கள் இருக்கிற வாகனத்தின் தோலைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

கீறல் எங்கே இருக்கிறது?

முதலில் தொழிலைப் புரிந்துகொள்வோம். இன்றைய காரில் நாம் பார்க்கிற நிறம் ஒரே பூச்சு இல்லை. தகட்டுக்கு மேலே துருத்தடுப்புப் பூச்சு, அதற்கு மேலே பிரைமர், அதற்கு மேலே நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். இந்த நான்கும் சேர்ந்து தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரோன். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் துண்டாக வெட்டினால் ஒரு துண்டுதான் மைக்ரோன். நம்ம தலைமுடி ஒன்று 70 மைக்ரோன் அளவு. மேலே இருக்கிற கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50. அதாவது ஒரு காரின் மினுக்கம் முழுக்க ஒரு தலைமுடியை விட மெல்லிய படலத்தில் இருக்கிறது. வெயிலின் ஊதாக்கதிரைத் தடுக்கிற மருந்தும் அதே படலத்தில்தான் கலந்திருக்கிறது.

சொந்தக்காரர் சொன்ன சிலந்தி வலை அந்தப் படலத்தின் மேலே விழுந்த மெல்லிய கீறல்கள். உண்மையில் அவை வட்டமாக இல்லை, எல்லாத் திசையிலும் நேராகத்தான் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடக்கிறவை மட்டும் கண்ணில் மின்னுவதால், விளக்கைச் சுற்றி வட்டம் போட்டது மாதிரித் தெரிகிறது. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்.

இதை எப்படி எடுப்பது? கீறலை எதையாவது போட்டு நிரப்புவது கொரெக்ஷன் இல்லை. நுண்ணிய உராய்பொடி கலந்த பசையை ஸ்பொன்ஜில் வைத்து மெஷினைச் சுழற்றி, கீறலைச் சுற்றியுள்ள மேட்டைக் கீறலின் அடிமட்டம் வரைக்கும் இறக்குவதுதான் கொரெக்ஷன். உப்பளத்தில் பாத்தி மட்டம் பண்ணுகிற ஆளுக்கு இது உடனே புரியும். பள்ளத்துக்கு மண் கொட்டாமல் மேட்டைச் சீவுகிற வேலை. ஆனால் உப்பளத்தில் மண் இன்னும் கிடைக்கும், காரில் கிளியர் கோட் திரும்ப வளராது. ஒரு தரம் மெஷின் போட்டால் இரண்டு, மூன்று மைக்ரோன் போகும். ஆழமாக வெட்டினால் இன்னும் கூட. அதனால்தான் நானா முதலில் மீட்டரை எடுக்கிறார். எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் எடுக்கத் தொடங்குகிறவன் தொழில்காரன் இல்லை என்பது அவரது சட்டம்.

உப்பு, சீமெந்து, சாம்பல்

புத்தளம் கரையில் ஒரு வாகனத்துக்கு எதிரி மூன்று பேர்.

முதலாவது உப்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் கற்பிட்டிக் குடாநாடு. தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். கடலுப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பகலில் காய்ந்து கிடந்தது இரவில் கசிந்து, தகடு வரைக்கும் போன கீறல் எங்கே இருக்கிறதோ அங்கே நுழைந்து பெயின்ட்டுக்கு அடியால் துருப்பிடித்துக்கொண்டு போகும். இதைவிடப் பெரிய சேதம் நாமே செய்வது. உப்பும் மணலும் காய்ந்து ஒட்டியிருக்கிற காரைத் தண்ணி ஊற்றாமல் பழைய பெனியன் துணியால் துடைப்போம். அந்தத் துணி அப்போது வோட்டர் பேப்பர் மாதிரித்தான் வேலை செய்யும். கற்பிட்டி மீனவர்கள் கடலால் வந்ததும் போட் என்ஜினை நல்ல தண்ணியால் அலசாமல் வீட்டுக்குப் போகமாட்டார்கள். அந்தப் பழக்கம் கார்க்காரரிடம் இல்லை.

இரண்டாவது சீமெந்து. அறுவக்காட்டுச் சுண்ணக்கல்லை வைத்துத்தான் புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலை பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. சீமெந்துத் தூள் காரில் படிந்து மேலே பனி விழுந்தால் அது காரத்தன்மையோடு இறுகி ஒட்டிவிடும். சுரண்டினால் பெயின்ட் போகும். இந்தக் கரையில் தென்னங்கள்ளு விநாகிரி இருக்கிறதே, அதைத் தண்ணியில் நன்றாகக் கலந்து ஊறவிட்டுக் கழுவினால் கரையும். காரத்தை மென்மையான அமிலம் கரைக்கிறது, அவ்வளவுதான் விசயம்.

மூன்றாவது ஆள் புதுசு. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் முதல் அலகு 2011இல் ஓடத் தொடங்கியது. 2014இல் மூன்று அலகும் சேர்ந்து 900 மெகாவொட் ஆனது. நிலக்கரித் தூளும் சாம்பலும் வீட்டிலும் தோட்டத்திலும் படிவதாக அந்தப் பக்கத்துச் சனங்கள் பல வருசமாகச் சொல்கிறார்கள். காரில் படிவது அதில் ஆகச் சின்ன விசயம். மூச்சில் போவதுதான் பெரிய விசயம்.

மினுக்கத்தை ஒரு வேலையாகச் செய்த ஆட்கள் இந்தக் கரைக்கு எப்போது வந்தார்கள் என்று தேடினால், நான் நினைக்காத ஒரு இடத்தில் போய் நின்றேன்: பாலாவி விமானத் தளம். இரண்டாம் உலகப் போரில் அது பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளம். பேர் 'ராஜாலிய'. சிங்களத்தில் கழுகு, நம்ம ராஜாளிதான். சேற்றில் மாட்டின கோர்ஸெயார் போர்விமானங்களை யானைகள் இழுக்கிற 1944ஆம் ஆண்டுப் படங்கள் லண்டன் போர் நூதனசாலையில் இருக்கின்றன. அந்தக் காலத்துப் போர்விமானங்களின் விமானி அறை மூடி அக்ரிலிக். அதில் ஒரு கீறலோ புள்ளியோ இருந்தால் தூரத்து எதிரி விமானமாகக் கண்ணுக்குத் தெரியும், இல்லாவிட்டால் உண்மையான எதிரியை மறைத்துவிடும். அதனால் மென்மையான பசையும் துணியும் கொண்டு அதைத் துலக்குவது தரைப் பணியாளரின் வேலைகளில் ஒன்று. மேட்டை இறக்கிக் கீறலை எடுக்கிற அதே வேலை. அங்கே மினுக்கம் அழகுக்கு இல்லை, உயிருக்கு.

போர் முடிந்து பத்து வருசத்துக்குப் பிறகு அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் தன் கார்களுக்கு அக்ரிலிக் லாக்கர் அடிக்கத் தொடங்கியது. டியூபொன்ட் கொம்பனி அதற்கு வைத்த பேர் லூசைட். விமான மூடிக்கு அதே கொம்பனி விற்ற அக்ரிலிக்கின் பேரும் அதுதான். வானத்தில் பறந்த கண்ணாடி காரின் தோலாக இறங்கிவிட்டது.

பூச்சின் கதை

கொஞ்சம் பின்னுக்குப் போவோம். ஆரம்பக் கார்களுக்குக் குதிரை வண்டிக்கு அடிக்கிற எண்ணெய் வார்னிஷ்தான். ஒரு கோட் காய்ந்து, தேய்த்து, அடுத்த கோட் என்று கிழமைக் கணக்கில் போகும். 1923இல் டியூபொன்ட் 'டூகோ' என்ற நைட்ரோ செலுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்தது. காய்கிற நேரம் மணிக்கணக்கானது. அதற்கு இரண்டு வருசம் முன்பு, 1921இல், 3எம் கொம்பனி தண்ணியில் நனைத்துத் தேய்க்கிற உரசுதாளை விற்கத் தொடங்கியிருந்தது. எங்க கராஜ்களில் வோட்டர் பேப்பர் என்கிறோமே, அதன் மூத்தது அதுதான். பெயின்ட் கடையில் தூசு குடித்த தொழிலாளிக்கு அது பெரிய விடுதலை. 1925இல் அதே கொம்பனியில் ரிச்சர்ட் ட்ரூ மாஸ்கிங் டேப்பைச் செய்தார், இரண்டு நிறக் கார்களுக்கு ஓரம் பிடிக்க.

செலுலோஸ் லாக்கருக்கு ஒரு குணம் இருக்கிறது. அடித்தவுடன் மினுங்காது. காய்ந்த பிறகு மட்டம் பண்ணி, கொம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால்தான் மினுக்கம் வரும். அதனால் பெயின்ட் பாஸ் என்றாலே தேய்க்கத் தெரிந்தவர். எங்க கராஜ்களில் இன்றும் புழங்குகிற 'கட் அன்ட் பொலிஷ்' என்ற சொல்லின் வேர் இதுதான்: முதலில் வெட்டு, பிறகு மெருகு.

மேலே பூசுகிற மெழுகிலும் ஒரு கதை. கார் மெழுகில் பேர்போனது கார்னௌபா. அது பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் வளர்கிற ஒரு பனை இனம். எங்க பனை மாதிரியே விசிறி ஓலை. ஈரம் பறந்துவிடாமல் இருக்க அந்த மரம் தன் ஓலைக்குப் பூசிக்கொள்கிற மெழுகைத்தான் நாம் உதிர்த்து எடுத்துக் காருக்குப் பூசுகிறோம். வரட்சியில் பிழைக்க ஒரு மரம் கண்டுபிடித்த வழி அது. தட்டுப்பாடு என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது மரத்துக்கும் பொருந்துகிறது.

முதலாவது கதவு

சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்சக் காலம் இலங்கைக்கு மொறிஸ் மைனரும் ஒஸ்டினும் தாராளமாக வந்தன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியது. கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970களில் காரென்ன, அதன் பாகங்களுக்கே தட்டுப்பாடு. உபாலி விஜேவர்தனவின் கொம்பனி பியட்டும் மஸ்டாவும் இங்கேயே பொருத்தி விற்றது, ஆனால் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்? மற்றவர்கள் இருந்ததை ஓட்டினார்கள். 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறக்கும் வரை இதுதான் நிலை.

அந்தக் காலத்தில் வேலை செய்த ஒரு பாஸிடம்தான் எங்க வாப்பா தொழில் படித்தார். கொம்பவுண்ட் டின் கிடைக்காத நாட்களில் பல்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தேய்த்ததாக அவர் சொல்வாராம். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் பல்பொடியில் இருப்பது சுண்ணத்தூள், நல்ல மென்மையான உராய்பொடி. வேலை மெதுவாக நடக்கும், பெயின்ட்டையும் தின்னாது. புதுக் கார் வராது என்று தெரிந்தவன் பழைய காரில் இருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்குப் பார்ப்பான். மீட்டர் இல்லாத காலத்திலும் அந்தக் கணக்கு விரலில் இருந்தது.

அந்தப் பதினைந்து, பதினேழு வருசம் கற்ற கை வீண்போகவில்லை. 1990களில் பிரித்தானியாவின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், அந்தக் காருக்கான பாகங்களைச் செய்ய ஆட்கள் தேடி இலங்கைக்குத்தான் வந்தார். காரைப் பெற்ற நாட்டிலேயே கைவிட்டுப் போன வேலை இங்கே உயிரோடு இருந்தது.

இரண்டாவது கதவு

வாப்பா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். பதினைந்து வயதில் டவுன் கராஜ் ஒன்றில் பெயின்ட் பாஸுக்கு உதவியாளராகச் சேர்ந்தார். முதல் ஒரு வருசம் அவருக்குக் கிடைத்த வேலை வோட்டர் பேப்பரை நனைப்பது மட்டும்தான் என்பார். இரண்டாவது வருசம் கதவின் உட்பக்கம், ஆட்கள் பார்க்காத இடம். மூன்றாவது வருசம் பொனட் தொடலாம். அந்த மூன்றாவது வருசம் முடியவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அது ஒக்டோபர் 30. இரண்டு மணித்தியால அவகாசம். காசும் நகையும் வழியில் பறிக்கப்பட்டன. வீடு, கடை, லொறி எல்லாம் அங்கேயே நின்றன. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம் வடக்கை விட்டு வந்தது, அதில் பெரும்பகுதி புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கியது. இங்கிருந்த சனங்கள் சோறும் இடமும் தந்தார்கள். பிறகு தண்ணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் நெருக்கடி வந்து மனக்கசப்புகளும் வந்தன. இரண்டையும் சொல்லாவிட்டால் கதை நேர்மையாக இருக்காது.

வாப்பா அந்த நாளைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரு தரம் மட்டும் சொன்னார்: "சோதிச்சவங்கள் பேக்கில என்ன எண்டு கேட்டாங்கள். உடுப்பு எண்டன். கையில என்ன எண்டு கேக்கல்ல." அந்தக் கையோடுதான் பாலாவிப் பக்கத்தில் ஒரு கராஜில் வேலை கேட்டார். யாழ்ப்பாணத்து வேலை தெரிந்த பொடியன் என்று எடுத்தார்களாம்.

அவர் விட்டுவந்த யாழ்ப்பாணத்தில் அந்தக் கதவு இன்னும் இறுக்கமாக மூடியது. பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை. சனங்கள் மொறிஸ் மைனரையும் ஒஸ்டின் ஏ40ஐயும் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அழுத்தம் குறைந்த அந்தப் பழைய என்ஜின்கள் அதைத் தாங்கின. 2002இல் ஏ9 பாதை திறந்ததும் வாப்பா போய்ப் பார்த்தார். தெருவில் தான் பழகின வயதுக் கார்களே இன்னும் ஓடிக்கொண்டிருந்ததாம். "ஆக்கள் மாறிட்டாங்க, கார் மாறல்ல" என்றார். சொல்லும்போது சிரித்தாரா இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

திறந்த காலத்தின் குற்றம்

1977க்குப் பிறகு தெற்கில் ஜப்பான் ரீகண்டிஷன் வாகனங்கள் வரத் தொடங்கின. வருசங்கள் போகப் போக எண்ணிக்கையும் கூடியது. கூடவே வந்தது கிளியர் கோட். உலகம் முழுக்க 1980களில் இருந்து இதுதான் வழமையானது. இங்கேதான் ஒரு பிழை நடந்தது. லாக்கருக்குப் பழகின கை, கிளியர் கோட்டையும் அதே மாதிரித் தேய்த்தது. லாக்கர் கரைந்தால் மேலே இன்னொரு கோட் அடிக்கலாம், அதுவும் கலந்துவிடும். கிளியர் கோட் இறுகிப் பிணைந்த படலம், தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

சேர்விஸ் ஸ்டேசனில் முரட்டுக் கொம்பவுண்ட், கம்பளிப் பேட், வேகமான மெஷின். அரை மணித்தியாலத்தில் கண்ணாடி மாதிரி. அந்தப் பசையில் இருக்கிற எண்ணெய் கீறலுக்குள் நிரம்பி மூடிவிடும். நாலு கழுவுக்குப் பிறகு கீறல் எல்லாம் திரும்ப வரும், போன படலம் மட்டும் வராது. எங்க மாமாவின் வானுக்கு ஒரு இடத்தில் மூன்று பெருநாளுக்கு மூன்று தரம் இப்படிச் செய்தார்கள். நாலாவது வருசம் கூரை வெள்ளை வெள்ளையாக உரிந்தது. வாகனம் தாராளமாக வந்த காலத்தில் அதைப் பெரிதாக எடுத்தவர்கள் குறைவு. விற்றுவிட்டு இன்னொன்று எடுத்தார்கள். வாப்பாவுக்கு அந்தக் காலத்தில்தான் மரியாதை குறைந்தது. "மெல்லமாச் செய்யிற ஆள்" என்ற பேர் வந்தது, அது புகழ் இல்லை.

மூன்றாவது கதவு

2020 மார்ச்சில் கொரோனாவோடு வாகன இறக்குமதி நின்றது. கொஞ்ச மாதம் என்று நினைத்தோம். 2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்தது. பெற்றோல் கியூவில் நாள்கணக்கில் கார்கள் வெயிலில் நின்றன, பிறகு கியூஆர் கோட் வந்தது. பழைய வாகனத்தின் விலை வாங்கின விலையையும் தாண்டியது. நிற்கிற காரே சேமிப்புப் புத்தகம் ஆனது. அதன் தோலுக்குத் திரும்பவும் மதிப்பு வந்தது.

நானா அப்போதுதான் கட்டாரிலிருந்து திரும்பியிருந்தார். அங்கே பாலைவன மணல் குடித்த லம்போகினிகளையும் போர்ஷேகளையும் நான்கு வருசம் துலக்கினவர். இங்கிருந்து வளைகுடாவுக்குப் போகிற பொடியன்களில் கார் கழுவுகிற வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். 'கார் கழுவப் போனவன்' என்று ஊரில் சொல்வதில் ஒரு இளக்காரம் இருக்கும். ஆனால் அவர் கொண்டுவந்தது மீட்டர் பிடிக்கிற பழக்கம், இரண்டு வாளியில் கழுவுகிற ஒழுங்கு, ஜப்பானில் 1980களின் பிற்பகுதியில் கண்டுபிடித்த களிமண் கட்டியால் படிவை எடுக்கிற முறை, சில்லுகள் மாதிரிச் சுழலாமல் ஆடி ஆடிச் சுழல்கிற மெஷின்.

வாப்பா முதல் நாள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது நாள் கேட்டார்: "ஏன் மூலையில டேப் ஒட்டுறாய்?" நானா சொன்னார்: "ஓரத்தில பெயின்ட் மெல்லிசு வாப்பா, மெஷின் பட்டா உடன எரிஞ்சி போகும்." வாப்பா தலையாட்டினார். "எங்கட பாஸும் ஓரத்தைக் கையாலதான் செய்யச் சொல்லுவார்." அன்றிலிருந்து பின்னேரம் அஸருக்குப் பிறகு அவரும் வந்து ஒரு ஸ்டூலில் இருப்பார். யாழ்ப்பாணத்துக் கராஜும் தோஹாக் கடையும் இந்தக் கொட்டிலில் சந்தித்தன.

2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது. வரி உயரமாக இருப்பதால் விலை இன்னும் இறங்கவில்லை. ஆனால் புது வாகனங்கள் வருகின்றன. இப்போதுதான் எனக்குப் பயம். கதவு திறந்த போதெல்லாம் நாம் இந்தத் தொழிலை மறந்தோம் என்றுதான் மேலே எழுதின கதை சொல்கிறது. இன்னொரு பயமும் இருக்கிறது. மேலே பூசுகிற செரமிக் கோட்டிங் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அதைப் பூசுகிறவனின் நெஞ்சு பற்றிப் பேசுவதில்லை. கிளியர் கோட்டைக் கலந்து இறுக வைக்கிற மருந்தில் ஐசோசயனேட் இருக்கிறது. முறையான மாஸ்க் இல்லாமல் அதை விசிறி அடிக்கிறவனுக்கு ஆஸ்துமா வரலாம். வாப்பாவுக்கு இரவில் இழுக்கிறது. எதனால் என்று டொக்டர் ஒன்றையே குறித்துச் சொல்லவில்லை. முப்பது வருசம் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு பெயின்ட் அடித்தவர் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். நானாவின் கடையில் மாஸ்க் இல்லாமல் யாரும் மெஷின் தொட ஏலாது.

கொப்பியின் கடைசிப் பக்கம்

அந்தக் கறுப்புக் காருக்கு இரண்டரை நாள் போனது. ஹொண்டாவின் பெயின்ட் மெல்லிசு, மென்மையானது என்று தொழில்காரர்கள் சொல்வார்கள். துணி அழுத்தினாலே கீறும், ஆனால் குறைந்த வெட்டிலேயே எழும்பவும் செய்யும். நானா முதலில் கதவில் ஒரு கை அகல இடத்தில் மட்டும் ஆக மென்மையான பசையைப் போட்டுப் பார்த்தார். போதும் போலிருந்தது. முரட்டுப் பசையைத் திறக்கவேயில்லை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார், எண்ணெய் மூடி ஏமாற்றுகிறதா என்று பார்க்க. கீறல் வரவில்லை.

ஆனால் கைபிடிக்குக் கீழே ஒரு கீறல் நின்றது. நகத்தை வைத்து இழுத்தால் நகம் தடுக்கிற ஆழம். சொந்தக்காரர் வீடியோவில் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். "ஒண்டும் இருக்கப்படாது எண்டுதானே சொன்னன்." நானா மெதுவாகச் சொன்னார்: "அதை எடுக்கலாம் அண்ணே. எடுத்தா அந்த இடத்தில கிளியர் மிஞ்சாது. ரெண்டு வருசத்தில வெயில் குடிச்சி உரியும். ஓரத்தை மட்டும் மழுக்கி விடுறன், தூரத்துக்குத் தெரியாது. மிச்சம் கார்ல இருக்கட்டும்." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, பிறகு சரி என்றார்.

வாப்பா ஸ்டூலை விட்டு எழும்பி வந்து அந்தக் கீறலின் மேல் பெருவிரலால் ஒருதரம் தடவினார். "விட்டது நல்லம்" என்றார்.

கார் போகும்போது நானா ஒரு தாளும் கொடுத்தார். எந்த இடத்தில் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று. இனி எப்போதாவது இந்தக் காரைத் தொடப் போகிற, நாங்கள் பார்த்திராத ஒரு பொடியனுக்காக அந்தத் தாள். என் கொப்பியிலும் அதே கணக்கு இருக்கிறது. வலது கதவு: முன்பு 96, பின்பு 94.